நாற்பத்தேழாம் நம்பர் பிள்ளை

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் ஆறரைப் பூசை முடிந்ததும் வீட்டுக்குப் போய்க் குழம்பு வைக்கிற பாக்கியம் எனக்கு வாய்க்கவில்லை. எட்டரைக்கு ஆபீசைத் திறக்க வேண்டும். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். நிலையம் என்று பெயர்தான் பெரிசு. ரத்தம் எடுக்க ஒரு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், நான் ஒருத்தி, அவ்வளவுதான். எடுத்த ரத்தமெல்லாம் விழுப்புரத்தில் இருக்கிற எங்கள் பெரிய லேபுக்குப் போகும். அங்கே சோதித்து ரிப்போர்ட்டை மெயிலில் அனுப்புவார்கள். மோசமாக எதுவும் இருந்தால் ஆளைக் கூப்பிட்டுச் சொல்வது என் பொறுப்பு. பதினாறு வருஷமாக இந்த எழவெடுத்த வேலையைத்தான் செய்கிறேன்.

அன்றைக்குப் பூட்டைத் திறந்து விளக்கைப் போடுவதற்குள் எனக்கே போன் வந்தது. பேசியது சித்தார்த்தன், விழுப்புரம் லேபில் மெஷின் ஓட்டுகிறவன். வழக்கமாகச் சாப்பிட்டீங்களாக்கா, தூங்கினீங்களாக்கா என்று வளவளத்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவான். அன்றைக்கு அதெல்லாம் இல்லை.

“அக்கா, நேத்து மரக்காணம் கேம்ப்ல எடுத்ததுல நாப்பத்தேழாம் நம்பரு யாருக்கா?”

“ஏன்டா, இன்னா ஆச்சு?”

“டெங்கு பாசிட்டிவ். பிளேட்லெட்டு பதினோராயிரம்தான் கீது. மெஷின் தப்பாக் காட்டுதோன்னு ரெண்டு வாட்டி ஓட்டிப் பாத்துட்டேன். மைக்ராஸ்கோப்புல ஸ்லைடு போட்டும் பாத்தேன். நெஜந்தான்கா.”

பிளேட்லெட் என்பது ரத்தம் உறைவதற்கு வேண்டிய அணு. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது. பதினோராயிரம் என்றால் ஈறு தானாகக் கசியும், மூக்கில் வரும், உள்ளுக்குள்ளேயே கசிந்தாலும் வெளியே தெரியாது. இந்த வேலையில் இருபதாயிரம் பார்த்திருக்கிறேன். அதற்கே அலறியடித்துக்கொண்டு போன் போட்டிருக்கிறேன்.

“இன்னொண்ணுக்கா,” என்றான். குரல் இறங்கிவிட்டது. “அது சின்ன டியூப்பு. கொழந்தைங்களுக்கு எடுக்கறது.”

மாதாவே என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

“ஜொரம் வுட்டுப் போச்சேன்னு ஓடியாட வுட்டுடுவாங்கக்கா. ஜொரம் வுட்ட பொறவுதான் இது கவுக்கும். ஒரு கீறல் பட்டாக்கூட ரத்தம் நிக்காது. ஜல்தி யாருன்னு பாத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க.”

யாரென்று பார்ப்பதில்தான் வினையே இருந்தது. சனிக்கிழமை மரக்காணம் சந்தையில் காய்ச்சல் கேம்ப் போட்டிருந்தோம். கடலோரக் குப்பங்களிலிருந்தும் உப்பளத்துப் பக்கமிருந்தும் சந்தைக்கு வந்த ஜனம் எழுபத்தோரு பேர் ரத்தம் கொடுத்திருந்தார்கள். எடுத்தவன் எங்கள் ஆள் இளவழகன். டியூபில் நம்பர் மட்டும் ஒட்டுவான். அந்த நம்பருக்குப் பேர் என்ன, வயசு என்ன, போன் என்ன என்பதெல்லாம் அவனுடைய நோட்டில் இருக்கும். அந்தப் பக்கங்களைப் போட்டோ எடுத்து எனக்கு மெயிலில் அனுப்பிவிட்டு, டியூபுகளை விழுப்புரத்தில் சேர்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். வாட்ஸப்பில் அனுப்பக் கூடாது. போன வருஷம் ஒருத்தருடைய ரிப்போர்ட் தவறிப்போய் ஒரு கல்யாண குரூப்பில் விழுந்து நாறியதிலிருந்து, எல்லாம் மெயிலில்தான் என்று லேப் நடத்துகிற டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

இளவழகனுக்குப் போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப். மறுபடி போட்டேன். சுவிட்ச் ஆஃப். அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு அவனுக்கு அரசு வேலைப் பரீட்சை. விழுப்புரத்தில் ஏதோ பள்ளிக்கூடத்தில் சென்டர். போனையும் பையையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டுவிடுவார்கள். பன்னிரண்டரை மணிக்குத்தான் வெளியே விடுவார்கள். கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு ஐம்பது.

சரி, மெயிலில் இருக்கப்போகிறது, எடுத்தால் ஆச்சு என்று கம்ப்யூட்டரைத் திறந்தேன். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஆபீசில் மெயில் பார்ப்பது பிரவுசரில் இல்லை. அதற்கென்று ஒரு புரோகிராம் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. வருகிற மெயிலெல்லாம் அதற்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தச் சனியன் தானாகவே அப்டேட் ஆகி, மூஞ்சியையே மாற்றிக்கொண்டுவிட்டது. எழுத்து சின்னதாகிவிட்டது, பட்டனெல்லாம் இடம் மாறிவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் பழையபடி ஆக்குகிறேன் பேர்வழி என்று மெனுவில் கண்டதையெல்லாம் அழுத்தி வைத்தேன். ஓரளவுக்கு அடங்கியது. போய்த் தொலை என்று விட்டுவிட்டேன்.

இப்போது இன்பாக்ஸைப் பார்த்தால் சனிக்கிழமைத் தேதியில் பதினெட்டு மெயில் இருந்தது. இளவழகனுடையது இல்லை. மேலே போனேன், கீழே போனேன். இல்லை. தேடுகிற கட்டத்தில் மரக்காணம் என்று அடித்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொன்னது. கேம்ப் என்று அடித்தேன். ஒன்றும் இல்லை. இளவழகன் என்று பெயரையே அடித்தேன். அதற்கும் ஒன்றும் இல்லை என்றது. தினம் ஒரு மெயில் அனுப்புகிறவன், அவன் பெயரிலேயே ஒன்றும் இல்லையாம்.

அவன் மெயிலுக்குத் தலைப்பு வைத்திருந்தால் அதையாவது தேடலாம். அந்த மகராசன் எந்த மெயிலுக்கும் தலைப்பு எழுத மாட்டான். தலைப்புக் கட்டத்தில் பிள்ளையார் சுழியை மட்டும் போடுவான். வெறும் ‘உ’. அது இல்லாமல் எதையும் ஆரம்பிக்கக் கூடாதாம். “தலைப்புன்னு ஒண்ணு எதுக்குடா கீது, இன்ன ஊரு கேம்ப்புன்னு போடேன்டா” என்று எத்தனை முறை கத்தியிருப்பேன். “நீங்க லெட்டர் எழுதினா மேல சிலுவ போடறீங்க இல்ல, அது மாதிரிதான்கா” என்று சிரிப்பான். ‘உ’ என்று அடித்துப் பார்த்தேன். ஒற்றை எழுத்தையெல்லாம் அது தேடாது போலிருக்கிறது. திரை வெள்ளையாக நின்றது.

கோபிக்குப் போன் போட்டேன். அடுத்த தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். எங்கள் மெஷினுக்கு அவன்தான் வைத்தியன். ஞாயிற்றுக்கிழமையாக்கா என்று இழுத்தான்.

“கோபி, ஒரு கொழந்த உயிரு போவப் போவுது. லுங்கியோட வந்தாலும் பரவால்ல, வா.”

நிஜமாகவே லுங்கியோடுதான் வந்தான். வந்ததும் ஸ்பேம் பெட்டியைத் திறந்தான். லாட்டரி விழுந்திருக்கிறது, வழுக்கைக்கு மருந்து என்று குப்பை. இளவழகன் இல்லை. குப்பைத்தொட்டியைத் திறந்தான். அங்கேயும் இல்லை. மெயிலை வேறு பெட்டிக்குத் தள்ளிவிடுகிற ரூல் ஏதாவது போட்டிருக்கிறதா என்று பார்த்தான். அதுவும் இல்லை.

“பிரவுசர்ல போய் நேரா சர்வர்ல பாரேன்டா,” என்றேன்.

“சர்வர்ல இருக்காதுக்கா. எடம் ரொம்பிப் போச்சின்னு நீங்கதான் கத்தினீங்க. இங்க எறங்கினதும் அங்க அழிஞ்சிடற மாதிரி நான்தான் செட்டிங் போட்டேன். இந்தப் பொட்டியில இல்லன்னா எங்கயும் இல்ல.”

வெள்ளிக்கிழமை நான் அழுத்திய பட்டன்களில் எது எதைத் தின்றதோ. சனிக்கிழமை மெயில் வந்து இறங்கி, என் கைவேலையால் அழிந்தும் போயிருந்தால்? எங்கேயோ ஒரு பிள்ளை ஜுரம் விட்ட சந்தோஷத்தில் ஓடிக்கொண்டிருக்கும். கல்லில் இடறி விழுந்தால் போதும். மரத்தில் ஏறும், சைக்கிளில் குரங்குப் பெடல் போடும், பிள்ளைகளுக்கா விழ இடம் இல்லை? விழுந்து எழுந்து அழுகிற ஒவ்வொரு பிள்ளையும் என் கண் முன்னால் வந்துபோனது.

மணி ஒன்பது நாற்பது. கேம்ப் நடந்த சந்தையில் டீக்கடை வைத்திருக்கிற மாரியப்பனின் நம்பர் என்னிடம் இருந்தது. கூப்பிட்டேன். “சந்தைக்கி வந்த ஜனம்மா, எந்தெந்த ஊர்லர்ந்தோ வந்துச்சி, எனக்கு எப்பிடித் தெரியும்?” என்றார். நியாயம்தான். சித்தார்த்தனைக் கூப்பிட்டு, பரீட்சை நடக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கெஞ்சிப் பாருடா என்றேன். வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தான்.

கோபி அதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தான்.

“தேடறதுக்குன்னு இது ஒரு பட்டியல் வெச்சிருக்கும்கா. பொஸ்தகத்துக்குப் பின்னாடி இன்னது இன்ன பக்கம்னு போட்டிருக்கும் இல்ல, அது மாதிரி. அப்டேட்ல அது கெட்டுப் போச்சி. அதான் எதைக் கேட்டாலும் இல்ல இல்லன்னுது. பழைய பட்டியல அழிச்சிட்டா புதுசாப் போட்டுக்கும்.”

“எவ்ளோ நேரம் ஆவும்?”

“நாப்பத்திரெண்டாயிரம் மெயிலு கீது. அது இஷ்டம்.”

அழிக்கச் சொன்னேன். திரையின் அடியில் ஒரு நீலக்கோடு முளைத்து நகர ஆரம்பித்தது. நகர்ந்ததா அது? நத்தையாவது நகர்கிறது என்று தெரியும். ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டேன். அருள்நிறைந்த மரியே சொல்லும்போதே பாதியில், இந்தக் கோடு போகிறதா என்று பார்ப்பேன். மறுபடி முதலிலிருந்து. பத்து தடவைகூட உருப்படியாகச் சொல்லவில்லை.

பத்து இருபதுக்குச் சித்தார்த்தன் கூப்பிட்டான். மூச்சு வாங்கியது. “கேட்ல போலீஸ்காரரு உள்ளயே வுடலக்கா. சாவற பொழைக்கற விசயம்னேன். எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாங்கன்றாரு. உள்ள ஆபீசர் ஒருத்தர் வந்து கேட்டுட்டு, பரீட்ச முடியாம ஹாலுக்குள்ள போய்ப் பேச முடியாது, பையும் ரூமுல சீல் வெச்சிக் கீதுன்னுட்டாரு. பன்னெண்டரைக்குத்தான் வுடுவாங்களாம். நான் இங்கயே நிக்கறேன்.”

இன்னும் இரண்டு மணி நேரம். இரண்டு மணி நேரத்தில் ஒன்றும் ஆகிவிடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உடனே பயம் வந்து பிடரியில் அறைந்தது. பதினாறு வருஷத்தில் எத்தனை பேரிடம் ‘உடனே போங்க, ஒரு நிமிசம்கூட நிக்காதீங்க’ என்று போனில் விரட்டியிருக்கிறேன். அதெல்லாம் சும்மாவா விரட்டினேன்?

நீலக்கோடு பாதி தாண்டியதும் மறுபடி தேடினேன். இந்த முறை தேடுகிற கட்டம் வேலை செய்தது. மரக்காணம் என்று அடித்தால் முப்பது மெயில் வந்து விழுந்தது. சந்தோஷத்தில் எழுந்தே நின்றுவிட்டேன். ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாம் மற்றவர்கள் அனுப்பியது. கேம்ப்புக்குப் பந்தல் போட்டவன் அனுப்பியது, டாக்டரம்மா அனுப்பியது. இளவழகன் பெயரை அடித்தால் இன்னமும் ஒன்றும் இல்லை.

“போட்டோவுக்குள்ள எழுதியிருக்கறத இது படிக்காதுக்கா,” என்றான் கோபி. “அவரு மெயில்ல எழுத்தே இல்லன்னா எதைக் கேட்டாலும் வராது. ஆளு பேர வெச்சி வரிசையா அடுக்கிப் பாக்கலாம்.”

அனுப்புகிறவர் பெயர் வரிசைப்படி இன்பாக்ஸை அடுக்கினான். இளவழகன் பெயருக்கு எதிரே ஒரே ஒரு மெயில் நின்றது. தலைப்பு ‘உ’. தேதி போன வருஷம் ஏப்ரல் மாதம். அவன் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அனுப்பியது.

“மத்ததெல்லாம் எங்கக்கா?” என்றான் கோபி.

என்னிடம் கேட்டால்? ஒன்றரை வருஷமாகத் தினம் ஒன்று அனுப்பியிருக்கிறான். நானூறு மெயிலுக்கு மேல் நான் என் கையால் திறந்து பார்த்திருக்கிறேன். இப்போது ஒன்றே ஒன்று. கோபியின் முகம் வெளுத்துவிட்டது.

“போச்சிக்கா. ஃபைலு கெட்டுப் போச்சி போல. புரோகிராம மூடிட்டு ரிப்பேர் ஓட்டணும். ஒரு மணி நேரம் ஆவும். ரிப்பேர்ல மீதியும் போனாலும் போயிடும், சொல்லிட்டேன்.”

“வெளக்கமாத்தால அடிப்பேன், கைய எடு!” என்று கத்தினேன். அவன் மேல் கோபம் இல்லை. எனக்கு என் மேல்தான் ஆத்திரம், அந்தப் பெட்டி மேல் ஆத்திரம், பரீட்சை எழுதுகிற அந்தப் பிள்ளையார் பக்தன் மேல் ஆத்திரம். மவுசைப் பிடுங்கி அந்த ஒற்றை மெயிலின் மேல் வைத்து அழுத்தினேன். அது அசையவில்லை. கீபோர்டில் கைக்கு வந்த கட்டைகளையெல்லாம் படபடவென்று தட்டினேன். வலது பக்கம் போகிற அம்புக்குறிக் கட்டையில் விரல் பட்டிருக்கிறது. அந்த ஒரு மெயிலுக்குக் கீழே மடமடவென்று மெயில்கள் அவிழ்ந்து இறங்கின. எல்லாம் இளவழகன். எல்லாம் ‘உ’. திரை நிறைந்து, கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது.

கோபி தலையில் அடித்துக்கொண்டான். “அய்யய்யோ, க்ரூப் பண்ற ஆப்ஷன் ஆன்ல கீதுக்கா! ஒரே தலைப்புல வர்ற மெயிலெல்லாம் ஒரே பேச்சின்னு நெனச்சிக்கினு மொத மெயிலுக்கு அடியில சொருகிடும். தெனம் உ, உன்னா அதுக்கு இன்னா தெரியும்? எல்லாத்தியும் போன வருசத்து மெயிலுக்கு அடியில கொண்டாந்து வெச்சிட்டுது. யாருக்கா இத ஆன் பண்ணது?”

யார் ஆன் செய்தது என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள்தான். கடைசி மெயிலுக்கு இறங்கினேன். சனிக்கிழமை, மாலை ஏழு பத்து. மூன்று போட்டோ இருந்தது. எப்போதும் ஒரு வார்த்தை எழுதாதவன் அன்றைக்கு மட்டும் கீழே எழுதியிருந்தான். தமிழ் வார்த்தைகளை அவசரத்தில் இங்கிலீஷ் எழுத்தில் தட்டியிருந்தான். இரண்டு முறை படித்துப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

“அக்கா, 47க்கு மட்டும் நாளைக்கு பத்தரைக்குள்ள ரிசல்ட் பாத்து சொல்லிடுங்க. திருவக்கரை கோயில்ல அந்த பாப்பாவுக்கு காது குத்தறாங்க. பத்தரை பன்னெண்டு முகூர்த்தம். ஜொரம் நின்னு போச்சி, குத்தலாமான்னு அந்தம்மா கேட்டாங்க. ஏதாவது இருந்தா ஆபீஸ்லர்ந்து போன் வரும், வரலன்னா ஒண்ணும் இல்லன்னு சொல்லியிருக்கேன்.”

மணி பதினொன்று ஐந்து.

என் வாயிலிருந்து என்ன சத்தம் வந்ததோ தெரியாது, கோபி என் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தான். போட்டோவைப் பெரிதாக்கினான். நாற்பத்தேழு. துர்கா, பெண், ஐந்து வயசு. தாய் பேர் அம்சா, தகப்பன் ராஜவேலு, மரக்காணத்துக்குத் தெற்கே ஒரு குப்பம். போன் நம்பரின் கடைசி எண் ஒன்றா ஏழா என்று தெரியவில்லை. ஒன்று போட்டு அடித்தேன். எவனோ சேலத்துக்காரன் எடுத்து, யார் நீ, யார் நீ என்றான். வைத்துவிட்டு ஏழு போட்டேன்.

நாலு முறை மணி அடித்தது. ஐந்து முறை அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். “எடும்மா, எடுடி என் தாயே” என்று கெஞ்சினேன். ஏழாவது மணியில் எடுத்தார்கள். மேளச் சத்தம் காதை அடைத்தது. கூட்டம், பேச்சு, அதற்குள்ளே ஒரு பிள்ளை வீறிடுகிற சத்தம்.

“அலோ, யாருங்க?”

“அம்சாவா? ரத்தப் பரிசோதன ஆபீஸ்லர்ந்து பேசறேன்மா. காது குத்தாதீங்க! கொழந்தைய யாரும் தொடாதீங்க!”

“இன்னாங்க? ஒண்ணும் கேக்கலயே!”

“காது குத்த வேணாம்! குத்த வேணாம்!”

மேளம் ஒரு நொடி நின்றது. அந்த நொடியில் அவள் குரல் தெளிவாகக் கேட்டது. “ஒரு காது குத்தியாச்சிங்க. ரத்தம் ஒழுவிக்கினே கீது. காப்பித்தூள் வெச்சும் நிக்கல. பாப்பாவோட மாமா மடியெல்லாம் நனஞ்சி போச்சி. காது குத்தற பத்தரு இன்னொரு காதையும் குத்திட்டா நின்னுடும்னு சொல்றாரு.”

எனக்குக் கண் இருட்டியது. ஆனால் வாய் இருட்டவில்லை, ஆண்டவருக்கு நன்றி. பதினாறு வருஷத்துக் குரல் தானாக வந்தது. “அம்சா, நான் சொல்றத மட்டும் கேளு. பத்தர எழுந்து போவச் சொல்லு. காப்பித்தூளத் தொடச்சிப் போடு. சுத்தமான துணிய நாலா மடிச்சி, காதுக்கு முன்னால ஒரு வெரலு, பின்னால ஒரு வெரலு வெச்சி அழுத்திப் புடி. எடுத்து எடுத்துப் பாக்காத. மாத்திர எதுவும் குடுக்காத. ஒடம்புல ரத்தம் ஒறையறது ரொம்பக் கொறஞ்சி போச்சிம்மா, டெங்கு. போன வெக்காத, கையிலயே வெச்சிக்கோ.”

கோபி அதற்குள் தன் போனில் 108-ஐப் பிடித்துத் திருவக்கரைக் கோயில் வாசல் என்று சொல்லிக்கொண்டிருந்தான். சித்தார்த்தனுக்கும் டாக்டரம்மாவுக்கும் சொன்னான். புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு டாக்டரம்மா பேசி, பிளேட்லெட் தயாராக வைக்கச் சொன்னார்கள்.

வண்டி வர இருபத்தாறு நிமிஷம் ஆனது. இருபத்தாறு நிமிஷமும் நான் போனில் இருந்தேன். அழுத்திக்கினு கீறியா என்பேன். அழுத்திக்கினு கீறேங்க என்பாள். பாப்பா பேசுதா என்பேன். அழுவுதுங்க என்பாள். அழட்டும் அழட்டும், அழறது நல்லது என்பேன். இடையில் ஒருமுறை, “துணி நனஞ்சி போச்சிங்க” என்றாள். அதன் மேலேயே இன்னொரு துணியை வை என்றேன். நடுவில் பிள்ளையின் அழுகை நின்றுவிட்டது. “அம்சா! அம்சா!” என்று கத்தினேன். நாலைந்து நொடி ஒன்றும் இல்லை. அந்த நாலைந்து நொடியை நான் சாகிற வரைக்கும் மறக்கப்போவதில்லை. பிறகு, “தண்ணி குடிக்குதுங்க” என்றாள். சைரன் சத்தம் கேட்டதும் போனைக் கீழே வைத்தேன். கை மடங்கியபடியே நின்றுவிட்டது, நீட்ட வரவில்லை.

அதற்கப்புறம் மூன்று நாள் நான் சோறு தின்றேனா தூங்கினேனா என்று என் வீட்டுக்காரர் ஆன்டனியைக் கேட்டால்தான் தெரியும். பிள்ளையை மூன்று நாளும் ஐசியூவில் வைத்திருந்தார்கள். நாலு பை பிளேட்லெட் ஏற்றினார்கள். இளவழகன் பரீட்சை முடிந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் அங்கேயே கிடந்தான். புதன்கிழமை காலையில் அவன்தான் கூப்பிட்டு, “நாப்பதாயிரத்துக்கு வந்துடுச்சிக்கா, வார்டுக்கு மாத்திட்டாங்க” என்று அழுதான். நான் ஆபீசைப் பூட்டிவிட்டுப் புதுச்சேரி பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

பிள்ளை சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. மொட்டைத் தலை, சந்தனம்கூட முழுசாகப் போகவில்லை. ஒரு காதில் கட்டு. ராஜவேலு மருந்து வாங்கப் போயிருந்தான். அம்சாவுக்கு இருபத்தைந்து வயசுகூட இருக்காது. நான் இன்னார் என்று சொன்னதும் எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“உங்க கொரல வெச்சே தெரிஞ்சிடுச்சிக்கா. நீங்க மட்டும் போன் பண்ணலன்னா ரெண்டாவது காதையும் குத்தியிருப்பாங்க. எங்க பாப்பா இருந்திருக்காது. எங்க கொல தெய்வம்கா நீங்க.”

பேசாமல் தலையை ஆட்டிவிட்டு, வாங்கிப்போன ஆரஞ்சைக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். யார் என்ன கேட்கப்போகிறார்கள்? ஆனால் அந்தக் கை என் கையில் இருக்கும்போது என்னால் பொய்யாக நிற்க முடியவில்லை.

“அப்பிடிச் சொல்லாதம்மா,” என்றேன். “உன் நம்பரு சனிக்கெழம சாயங்காலமே என் கம்ப்யூட்டருக்கு வந்துடுச்சி. ரிசல்ட்டும் காலையில எட்டே முக்காலுக்கே தெரியும். ரெண்டு மணி நேரமா என் கண்ணு முன்னாலதான் இருந்துச்சி. நான் ஒரு பட்டன மாத்தி அழுத்தி வெச்சதுல எங்க கீதுன்னு தெரியாமப் போச்சி. பத்தரைக்குள்ள நான் கூப்பிட்டிருக்கணும். எம்மேலதான் தப்பு.”

அவள் கோபித்துக்கொள்வாள், நாலு வார்த்தை கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“பத்தரைக்கே பத்தரு ஊசிய எடுத்துட்டாருக்கா,” என்றாள். “நான்தான் இரு இருன்னு நிறுத்தி வெச்சேன். போன் வரும்னு அந்தத் தம்பி சொன்னாரேன்னு போன கையிலயே வெச்சிக்கினு கோயில் வாசல்ல நின்னேன். எல்லாரும் திட்டினாங்க. முகூர்த்தம் போவுதுன்னு மாமியார் கத்தினாங்க. பத்தே முக்கால் ஆச்சி, பதினொண்ணு ஆச்சி. அப்புறம் நான்தான் உள்ள போயி, ஆபீஸ்லர்ந்து போன் வரல, பாப்பாவுக்கு ஒண்ணும் இல்ல, குத்துங்கன்னு சொன்னேன். என் வாயாலயே சொன்னேன்கா.”

சொல்லிவிட்டு என் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டாள். கட்டிலில் உட்கார்ந்து, தூங்குகிற பிள்ளையின் கட்டில்லாத காதை விரலால் மெதுவாகத் தடவ ஆரம்பித்தாள். அதற்கப்புறம் என்னை அவள் பார்க்கவில்லை. ஆரஞ்சுப் பையைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு நான் வெளியே வந்தேன்.